ஜோடிப் படத்தில் அவள் பக்கம்

இப்போதெல்லாம் முகத்தைப் பார்த்துப் பேசுகிற ஜென்மமே கிடையாது. நாம் கேட்டால் பதில் போவது கையிலிருக்கும் செல்போனுக்கு. ஓய்வூதிய ஆபீஸில் முக்கால் மணி நேரம் கால் கடுக்க நின்ற ரோலர்காரருக்கு அதுதான் எரிச்சல். முப்பத்திரண்டு வருஷம் சர்க்காருக்கு ரோடு ரோலர் ஓட்டியவர். எதிரே வந்தவனெல்லாம் ஒதுங்கிப் போய்த்தான் அவருக்குப் பழக்கம்.

வந்த காரியம் ஒன்றே ஒன்று. அவர் கண்ணை மூடினால் பென்ஷனில் ஒரு பங்கு பெண்டாட்டிக்குப் போகும். போகக் கூடாது. பதினெட்டு வருஷத்துக்கு முன்னால், அவர் முடி வெட்டிக்கொண்டு திரும்புவதற்குள் தையல் மிஷினோடு தங்கச்சி வீட்டுக்குக் கிளம்பிப் போனவள் அவள்.

“அவ பேரை அடிம்மா” என்று எழுத்தர் பெண்ணிடம் சொல்லி, சட்டைப் பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்து மேஜையில் வைத்தார். “ஃபைல்ல எங்க ஜோடிப் படம் ஒட்டியிருக்கும். அவ பக்கத்தை நானே வெட்டிடறேன். படத்துல இல்லாதவளுக்கு எவன் காசு கொடுப்பான்?”

“படத்தை வெட்டினா கல்யாணம் அறுந்துடுமா ஐயா? விவாகரத்து ஆச்சா?”

“வக்கீலுக்குக் கொட்டி அழ நான் என்ன கேனையனா?”

“அப்போ அவங்கதான் உங்க மனைவி.” ஃபைலைப் புரட்டியவள் சிரிப்பை அடக்கினாள். “உங்களுக்கு முந்தியே அவங்க வந்து எழுதிக் கொடுத்துட்டுப் போயிருக்காங்க. கேளுங்க: ‘அந்த ஆள் செத்த பிறகு வர்ற காசு எனக்கு வேண்டாம். உயிரோட இருந்து கொடுத்ததே போதும்.’”

ரோலர்காரருக்குக் காது மடல் சுட்டது. இத்தனை வருஷமாக அடைகாத்த வஞ்சத்தை ஒரு தாளில் தட்டிப் பறித்துவிட்டாளே!

“அதைக் கிழிச்சுப் போடு. முதல்ல அவளுக்கு உண்டுன்னு எழுது. அப்புறம் நான் கிடையாதுன்னு அடிக்கணும்.”

“அவங்க வேண்டாம்னாலும் இப்போ செல்லாது, நீங்க கூடாதுன்னாலும் செல்லாது ஐயா. உங்க காலத்துக்குப் பிறகு அவங்களையே கேட்போம்.”

“அப்போ கடைசி வார்த்தை அவளுதா?”

“சட்டம் அப்படி.”

குனிந்து கையெழுத்தைப் பார்த்தார். அவளுடையதுதான். ஆனாலும் மனசு ஒப்பவில்லை. வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, பிணத்தை எடுத்த மறுநாளே இங்கே வந்து நிற்பாள் அவள். இந்தப் பெண்ணையும் கைக்குள் போட்டிருப்பாள்.

“எல்லாம் கூட்டுக் களவாணித்தனம்” என்று உரக்கச் சொல்லிவிட்டு வெளியே நடந்தார். படியிறங்கும்போது முழங்கால் வலித்தது. வலிக்கட்டும். அவளுக்கு முன்னால் சாகிற உத்தேசம் அவருக்கு இல்லை.