பாட்டின் மீதி ஒரு நிமிஷம்

வியாழக்கிழமை காலை பாட்டு கம்பெனியிலிருந்து இரண்டு பேர் வந்து ஞானசிகாமணியின் வாயிலிருந்து ஒரு பாட்டை எடுத்துக்கொண்டு போனார்கள். உரிமக் காலம் முடிந்துவிட்டதாம். செல்போனிலிருந்து எடுத்தாயிற்று, கேசட்டிலிருந்தும் எடுத்தாயிற்று, பாக்கி வாய் மட்டும்தான் என்றார்கள். நல்ல மனிதர்கள். செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே வந்தார்கள்.

ஞானசிகாமணி ஓய்வுபெற்ற கண்டக்டர். முப்பது வருஷமாகச் சவரம் செய்யும்போது அந்தப் பாட்டைத்தான் பாடுவார். அந்தச் சத்தத்தை வைத்துத்தான் அவர் வீட்டில் இருக்கிறார் என்று மனைவி புஷ்பகாந்தி கண்டுகொள்வாள்.

வெள்ளிக்கிழமை அவர் பாடவில்லை. ஆகவே அவர் வீட்டில் இல்லை. அவள் ஒரு தட்டு மட்டும் வைத்தாள். எதிரே உட்கார்ந்திருந்தவரைத் தாண்டிக் கையை நீட்டிச் சட்னியை எடுத்தாள். பக்கத்து வீட்டுக்காரர் ஏணி கேட்டு வந்தபோது, "அவிய வெளிய போயிருக்காவ" என்றாள்.

பசியைக்கூட அவர் பொறுத்துக்கொண்டார். அவள் பார்வை தன்னைத் தாண்டிப் போவதைத்தான் தாங்க முடியவில்லை. திங்கட்கிழமை கம்பெனிக்குக் கிளம்பினார்.

கம்பெனி வராண்டா நீளமானது. நாலு அடிக்கு ஓர் ஆள் மறித்து, அரை நிமிஷம் மெத்தை விளம்பரம் பேசிவிட்டு வழிவிட்டான். சந்தா கட்டியவர்களுக்கு வராண்டா குட்டையாம். மத்தியானம் போல் அதிகாரியின் மேஜையை அடைந்தார்.

பாட்டைத் திருப்பிக் கேட்டார். காதில் விழுந்ததெல்லாம் சொந்தமாகிவிடாது என்றாள் அந்த அம்மாள். அவர் கேசட்டை எடுத்து வைத்தார். கல்யாணமான புதிதில், பன்னிரண்டு பாட்டைத் தாளில் எழுதிக் கொடுத்து, ரெக்கார்டிங் கடையில் பதிந்து வாங்கியது. பன்னிரண்டாவதாக இருந்த இந்தப் பாட்டு முடிவதற்குள் நாடா முடிந்துவிட்டது. பாட்டே அவ்வளவுதான் என்று அவர் இருந்துவிட்டார். கல்யாண வீடுகளில் பாடச் சொன்னால் அந்த இடத்தில் டக்கென்று நிறுத்துவார். மூச்சு வாங்குகிறார் என்று ஜனங்கள் காத்திருப்பார்கள். செல்போனில் கேட்டாலும் அந்த இடத்தில் அணைத்துவிடுவார்.

அதிகாரி, பாட்டு இருந்த வெற்று நாடாவை இஞ்சு டேப்பால் அளந்தாள். மூன்று நிமிஷம் நாற்பது வினாடி. துண்டுக்கு உரிமம் தேவையில்லை, எடுத்துக்கொண்டு போகலாம் என்றாள். மீதி ஒரு நிமிஷம் கம்பெனியுடையது.

அதைக் கொஞ்சம் காட்டச் சொன்னார். அவள் டிராயரை ஒரு விரல் அளவுக்குத் திறந்தாள். நன்றாக இருந்தது. அவருடைய துண்டைவிட நன்றாக இருந்தது. அவர் காதை டிராயருக்கு இன்னும் பக்கத்தில் கொண்டுபோனார்.

"முழுசா எடுத்துக்கிட்டா?"

"உரிமம் ஒரு வருஷம்தான். அடுத்த வருஷம் மறுபடி எடுக்க வருவோம்."

முழுப் பாட்டும் இருந்து வீட்டில் ஆள் இல்லாமல் போவதைவிட, துண்டுப் பாட்டோடு இருந்துவிட்டுப் போகலாம். துண்டை வாயில் போட்டுக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

செவ்வாய்க்கிழமை காலை பாடினார். "எப்ப வந்திய?" என்றபடி புஷ்பகாந்தி இரண்டாவது தட்டை வைத்தாள். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. வழக்கமான இடத்தில் நிறுத்திவிட்டு, முகம் கழுவக் குழாயைத் திறந்தார். தண்ணீர் வரவில்லை.

அதனால்தான் காதில் விழுந்தது. அடுப்படியில் யாரோ மீதியைப் பாடினார்கள். டிராயரில் கேட்ட அதே ஒரு நிமிஷம்.

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

"எங்க அம்மா வீட்டு ரேடியோல முழுசா போடுவான். முப்பது வருஷமா நீங்க மொகம் கழுவும்போது நாந்தான முடிச்சு வைக்கேன்."

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த மனிதர் சாப்பிட உட்கார்ந்தார். முதல் இட்லியைப் பிட்டபோது வாசலில் செருப்பு விடும் சத்தம் கேட்டது. அதே இரண்டு பேர். இந்தத் தடவை புஷ்பகாந்தியைக் கேட்டார்கள்.

அவள் அவர் பக்கத்தில் சட்னிக் கரண்டியோடு நின்றிருந்தாள்.

"அவ வெளிய போயிருக்கா" என்றார் ஞானசிகாமணி.

இருவரும் அவளைத் தாண்டி அடுப்படியை எட்டிப் பார்த்தார்கள். யாரும் இல்லை. குறித்துக்கொண்டு, மரியாதையாகக் கிளம்பினார்கள்.

கேட் சாத்தும் சத்தம் கேட்டதும் அவர் எழுந்து போய்க் குழாயை முழுசாகத் திறந்துவிட்டார். இப்போது தண்ணீர் கொட்டியது. புஷ்பகாந்தி தொண்டையைச் செருமினாள்.