மூன்று முறை கேட்டவர்

என் சமையலைப் பற்றி அபிப்பிராயம் சொல்ல என் வீட்டுக்காரருக்கு ஒரு வாய் போதும். என் தம்பியைப் பற்றிச் சொல்ல அதுகூட வேண்டாம். பாட்டு என்றால் மட்டும் மூன்று முறை கேட்காமல் வாயைத் திறக்கமாட்டார்.

வாரத்தில் ஆறு நாள் அவர் தராசுப் பரிசோதகர். கடை கடையாக ஏறி இறங்கி எடைக்கல்லைச் சோதித்து முத்திரை போடுகிற வேலை. ஒரு கிராம் குறைந்தால், கடைக்காரர் அழுதாலும் விடமாட்டார். ஏழாம் நாள் அவர் 'மூன்றாம் செவி'. அந்தப் பெயரில் இணையத்தில் ஒரு பக்கம் வைத்திருக்கிறார். புதிதாக வருகிற ஆல்பங்களுக்குப் பத்துக்கு ஆறே கால், ஐந்தே முக்கால் என்று மார்க் போடுவார். பக்கத்தின் உச்சியில் கொட்டை எழுத்தில் ஒரு வரி இருக்கும்: 'முதல் பாட்டு தொடங்கிக் கடைசிப் பாட்டு வரை, வரிசை மாறாமல், மூன்று முறை கேட்ட பின்பே எழுதப்படுகிறது.' இருநூற்றுச் சொச்சம் பேர் அதை நம்பிப் படித்துக்கொண்டிருந்தார்கள். நானும் நம்பினேன்.

அந்த 'வரிசை'தான் அவருடைய தனிப்பாடம். "பாட்டை யார் வேணும்னாலும் போடலாம். எதுக்கு அப்புறம் எதை வைக்கிறான்கிறதுலதான் ஆள் தெரியும்" என்பார். ஒரு பாடகி ஒப்பாரிக்கு அடுத்து ஆட்டப்பாட்டை வைத்ததைப் பற்றி ஆறு மாதம் முன்பு நாலு பக்கம் எழுதினார். 'துக்கத்தின் முதுகில் ஏறி ஆடும் துணிச்சல்' என்று அதில் ஒரு வரி. அதைப் படித்து ஒருவர் கண்ணீர் விட்டதாகக் கீழே எழுதியிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை பத்திலிருந்து பன்னிரண்டு வரை உள்ளறைக் கதவு சாத்தியிருக்கும். அந்த இரண்டு மணி நேரம் வீட்டில் மூச்சு விடலாம். அதற்கு மேல் எதுவும் கூடாது. நான் தையல்காரி. கூடத்தில் ஜன்னலோரம் என் மெஷின். சனிக்கிழமை மாலையே அதற்கு உறை போட்டு மூடிவிட வேண்டும். திங்கட்கிழமை கொடுக்க வேண்டிய துணி மலை மாதிரி கிடக்கும். நான் ஊசியும் நூலுமாக உட்கார்ந்து பட்டன் தைத்துக்கொண்டிருப்பேன். குழாயை மெல்லத் திறப்பேன், பாத்திரத்தைத் துணி விரித்து அதன்மேல் வைப்பேன், என் வீட்டில் நானே திருடி மாதிரி நுனிக்காலில் நடப்பேன். பதினோரு வருஷம்.

ஒருமுறை கேட்டேன். "ஹெட்போன் போட்டுட்டுதானே கேக்கறீங்க? தேங்காய் மூடி சைசுக்கு ரெண்டு காதையும் மூடியிருக்கு. நான் தைச்சா என்ன?"

"அதிர்வு தரை வழியா வருது" என்றார்.

தரையோடு யார் வாதாடுவது? விட்டுவிட்டேன்.

என் தம்பிக்கு மட்டும் அத்தான் தெய்வம். தாய்மாமாவின் லாரி ஷெட்டில் நாள்வேலை பார்த்துக்கொண்டே ஆறு வருஷமாகப் பாட்டுக் கட்டிக்கொண்டிருந்தவன் அவன். ஒருவழியாக ஒன்பது பாட்டைச் சேர்த்து ஒரு ஆல்பமாக இணையத்தில் ஏற்றினான். அதே வாரம் மாமா அவனைக் கூப்பிட்டு, வெளியூர் ஷெட்டுக்கு நிரந்தரமாகப் பொறுப்பேற்கிறாயா என்று கேட்டார். போனால் ராப்பகல் வேலை, பாட்டுக்குக் கும்பிடு. திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும்.

"அத்தான் அஞ்சுக்கு மேல போட்டா பாட்டு. கீழ போட்டா லாரி" என்றான் தம்பி.

"ஊர்ல இத்தனை காது இருக்கு, உனக்கு இந்தக் காதுதான் கெடச்சுதா?"

"அவர் மட்டுந்தான்க்கா மூணு தடவை கேக்கறாரு. மத்தவன்லாம் முப்பது செகண்டு கேட்டுட்டுத் தள்ளிடறான்."

 ஞாயிற்றுக்கிழமை காலை அவரிடம் போய், கொஞ்சம் பார்த்துப் போடுங்கள் என்றேன். "தராசுக்குச் சொந்தபந்தம் கிடையாது" என்று சொல்லிவிட்டு, டேப்லெட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்.

இரண்டு நிமிஷம்கூட ஆகியிருக்காது. கதவு படாரென்று திறந்தது.

"மெஷினை நிறுத்துன்னு எத்தனை தடவை சொல்றது!"

என் ஒரு கையில் பட்டன், இன்னொரு கையில் ஊசி. மெஷின் உறையோடு சாதுவாக நின்றது. அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். "மேல் வீட்டுல தைக்கறாங்க போல" என்று முனகிக்கொண்டே கதவைச் சாத்தினார். மேல் வீட்டில் இருப்பவர் லாரிக்கு டயர் மாற்றுகிறவர். அவர் வீட்டில் ஊசியே கிடையாது.

பன்னிரண்டு மணிக்கு முகம் தெளிந்து வெளியே வந்தார். கன்னத்தில் ஒரு கோடு. ஹெட்போன் அழுத்திய தடம். "மூணு தடவை கேட்டாச்சு" என்றார். மூன்று மணிக்கெல்லாம் எழுதிப் போட்டுவிட்டார்.

ஐந்து மணிக்குத் தம்பி ஃபோன் செய்தான். குரல் தரையில் கிடந்தது.

"நாலே கால்க்கா."

அவனே படித்துக் காட்டினான். 'தொடக்கமே பாழ். முதல் பாட்டிலேயே ஏதோ இயந்திர இரைச்சல். அதுவும் நடுவில் சட்டென்று நின்றுபோகிறது. பதிவுக் கோளாறாக இருக்கலாம். இப்படியா வாசலைத் திறப்பது? வரிசை என்றால் என்னவென்றே இவருக்குத் தெரியவில்லை.'

"ஆனா அக்கா, அது முதல் பாட்டு இல்ல. கடைசிப் பாட்டு. நான்தான் ஏத்தறப்ப வரிசையைக் கொளறிட்டேன் போல. அத்தான் மூணு தடவை கேட்டிருக்காரு, அவர் தப்பா சொல்லமாட்டாரு. மாமாகிட்ட வரேன்னு சொல்லிடறேன்."

"இரு, இரு. என்ன இரைச்சல் அது?"

 "உன் மெஷின்க்கா. போன வருஷம் நீ தைக்கறப்ப சும்மான்னு சொல்லி ஃபோன்ல புடிச்சேன்ல, அது. அதைத்தான் தாளமா வச்சேன்."

"நடுவுல ஏன்டா நிக்குது?"

"அந்த நிக்கற எடம்தான்க்கா ஞாயித்துக்கெழமை."

 யாருக்கும் எதுவும் சொல்லிவிடாதே, அரை மணி நேரம் பொறு என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன்.

டேப்லெட்டைத் திறந்தேன். கடைசிப் பாட்டு எப்படி முதலில் வரும் என்று தேட வேண்டிய அவசியமே இல்லை. மூலையில் ஷஃபிள் பொத்தான் பச்சையாக எரிந்துகொண்டிருந்தது. அதை அமுக்கியவள் நான்தான். வார நாட்களில் அவர் வேலைக்குப் போனபின் அதில் பாட்டுப் போட்டுக்கொண்டு தைப்பேன். அடுத்து என்ன வரும் என்று தெரியாமல் கேட்பது எனக்குப் பிடிக்கும். பாட்டுகளைக் கலைத்துப் போடு என்று அதற்குச் சொல்லி வைத்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது.

ஒரு வருஷம்! துக்கத்தின் முதுகில் ஏறி ஆடியது அந்தப் பாடகி இல்லை. நான்.

முதலில் பயமாகத்தான் இருந்தது, அவர் சாமானை நோண்டிவிட்டோமே என்று. அப்புறம்தான் உறைத்தது. கலைத்துப் போட்டால் மூன்று முறையும் மூன்று விதமாக அல்லவா வரும்? பச்சைக் குழந்தைக்குக்கூடத் தெரிந்திருக்குமே!

அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். முன்னால் போய் நின்றேன்.

"தம்பி பாட்டுல முதல் பாட்டு மூணு தடவையும் அதேதானா?"

"பின்ன? மூணு தடவையும் அதே இரைச்சல்" என்றார், பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பொத்தானைக் காட்டினேன். எப்போதிலிருந்து என்றார். சொன்னேன். யாரைக் கேட்டு அமுக்கினாய் என்று எழுந்தார். எழுந்தவர் பாதியிலேயே நின்றுவிட்டார். குறைந்த எடைக்கல்லைத் திருப்பிப் பார்த்தால் அடியில் தன் முத்திரையே இருந்த மாதிரி. மெல்ல உட்கார்ந்தார்.

"மிச்ச ரெண்டு தடவை என்ன செய்வீங்க?"

பேப்பரை நாலாக மடித்தார். "படுத்துப்பேன்."

அந்தக் கன்னத்துக் கோடு! தலையணை மடிப்பு. அதற்குத்தான் பதினோரு வருஷம் நான் நுனிக்காலில் நடந்திருக்கிறேன். சிரிப்பு வந்தது, பின்னாலேயே அழுகையும் வந்தது. இரண்டையும் அவர் முன்னாலேயே செய்தேன்.

"அவன்கிட்ட சொல்லாதே" என்றார்.

"நான் சொல்லமாட்டேன். நீங்க சொல்லுங்க. இப்பவே. அவன் மாமாவுக்கு ஃபோன் பண்றதுக்குள்ள."

ஃபோனை எடுத்து அவர் கையில் வைத்தேன். கடைக்காரர்களை நடுங்கவைக்கிற மனிதர் மூன்று முறை தொண்டையைக் கனைத்தார். அதை மட்டும் நானே எண்ணினேன். "தம்பி, நான் ஒரு தடவைதான் கேட்டேன். அதுவும் வரிசையில கேக்கல. தப்பு என்னுது" என்றார்.

அந்தப் பக்கம் தம்பி சொன்னது எனக்கும் கேட்டது. "ஒரு தடவையாவது ஒம்பது பாட்டும் கேட்டீங்களா அத்தான்?"

 ஃபோனை என்னிடம் நீட்டினார்.

தம்பி கோபப்படுவான் என்று நினைத்தேன். அவன் கோபப்படவில்லை. "அப்ப அந்த முப்பது செகண்டுக்காரனுங்களே தேவலாம்க்கா" என்றான். மாமாவிடம் வரவில்லை என்று சொல்லிவிட்டான். இனி யாருடைய மார்க்கையும் கேட்கப் போவதில்லையாம். பார்ப்போம்.

அடுத்த ஞாயிறு பத்து மணிக்கு அவர் உள்ளறைக்குப் போகவில்லை. டேப்லெட்டைக் கூடத்து மேசையில் வைத்தார். ஹெட்போன் இல்லை. பச்சைப் பொத்தானை அணைத்து, தம்பியின் முதல் பாட்டிலிருந்து ஆரம்பித்தார். நான் உறையை எடுத்து, மெஷினில் உட்கார்ந்து, ஒரு கால்சட்டைக்கு ஓரம் அடிக்கத் தொடங்கினேன். அவர் என்னைப் பார்த்துவிட்டு டேப்லெட் பக்கமே திரும்பிக்கொண்டார்.

ஒன்பதாவது பாட்டு வந்தது. பாட்டுக்குள்ளும் என் மெஷின், வெளியிலும் என் மெஷின். நடுவில், தம்பி வைத்த இடத்தில், பாட்டுக்குள் ஓடியது நின்றுபோனது. அவர் சட்டென்று நிமிர்ந்து என் காலைப் பார்த்தார்.

நான் மிதித்துக்கொண்டிருந்தேன்.