சம்பந்தியை வழியனுப்பிய விதம்

பேகம்பூரில் தோல் வியாபாரம் செய்த கிதர் முகம்மது வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. சம்பந்தி வந்தால் பஸ் ஸ்டாண்டு வரை கூடவே நடந்துபோய், இடம் பிடித்து உட்காரவைத்த பிறகுதான் திரும்ப வேண்டும். குதிரைவண்டியில் ஏற்றி அனுப்புவது, தொலைந்தால் சரி என்று சொல்வதற்குச் சமம்.

அன்று வத்தலக்குண்டு மீரான், கிதரின் மகள் பக்ருன்னிசாவைத் தன் மகனுக்குப் பேசி முடித்து, விருந்தும் உண்டு புறப்பட்டார். கிதரை அவர் மனைவி ஜெய்தூன் பீவி கதவோரம் மறித்தாள்.

“நடந்தா நெஞ்சை அடைக்குது, நின்னா விட்டுருதுன்னீகளே. இந்த வெயில்ல போகணுமா?”

“வெறும் வாய்வு. வெளிய சொல்லிறாத. சீக்காளி வீட்டுப் பொண்ணுன்னு பேரு வந்தா எவன் கட்டுவான்?”

தெருமுனை தாண்டியதும் கிதர் நெஞ்சில் கல் ஏறி உட்கார்ந்தது போல் அடைத்தது. கிதர் கம்பீரமாக நின்று மலைக்கோட்டையைக் காட்டினார்.

“பாத்தீகளா, எம்புட்டு உசரம்!”

ஊருக்கு வரும்போதெல்லாம் அதைப் பார்த்திருந்த மீரானும் வாய்பிளந்து, வெகுநேரம் வியந்தார்.

அடுத்து ஒரு பூட்டுக்கடை. கிதர் ஒரு பூட்டைத் திறந்தார், பூட்டினார். மீரானும் ஒன்றை எடுத்தார். கடைக்காரர் சேக் பரீதுக்குப் பொறுமை போயிற்று. “வாங்குறீகளா, இல்ல காவல் நிக்கிறீகளா?”

கிதருக்கு வலி தணிந்துவிட்டது. திரும்பிப் பார்த்தார். நிழலில் நின்றும் மீரானுக்கு வேர்வை ஊற்றியது. இடது தோளிலிருந்து சுண்டுவிரல் வரை நீவிக்கொண்டிருந்தார். தாடை இறுகியிருந்தது.

“என்ன சம்பந்தி?”

“வாய்வு.”

“நடந்தா வரும், நின்னா போகும். அதானே?”

“எப்பவும் போயிரும். இன்னைக்குப் போகல.” மீரானின் பார்வை கூர்மையாயிற்று. “ஆமா, உங்களுக்கு எப்படித் தெரியும்?”

கிதர் பூட்டைக் கீழே வைத்தார். மகளின் நிக்காஹ் ஒரு பக்கம், மீரானின் உயிர் ஒரு பக்கம். வாசலுக்கு வந்த விருந்தாளியைச் சாகவிட்டு என்ன மானம்?

“எனக்கும் இருக்கு” என்றவர், எதிரே வந்த குதிரைவண்டியைக் கைகாட்டி மறித்தார். “ஏலே, வண்டிய நிறுத்து!”

வண்டி ஆஸ்பத்திரியில் போய் நின்றது. அங்கே டாக்டர் கிறிஸ்துராஜ், “யாருக்கு வலி?” என்றார். இருவரும் ஒருவரையொருவர் கைகாட்டினார்கள். டாக்டர் இருவரையும் படுக்கச் சொன்னார்.

“அவருக்கு முதல்ல பாருங்க. விருந்தாளிக்கு முந்தி நான் நாடி காட்டுனா ஊரு சிரிக்கும்” என்றார் கிதர்.

நாக்கின் அடியில் மாத்திரை வைத்து, ஊசியும் போட்ட பிறகு மீரானின் முகம் தெளிந்தது.

“வாய்வுன்னு வீட்டுல படுத்திருந்தா நாளைக்குத் தூக்கியிருப்பாங்க” என்ற டாக்டர், கிதர் பக்கம் திரும்பினார். “நடந்தா வர்ற வலிதான் முதல் எச்சரிக்கை. நீங்க எத்தனை நாளா மறைக்கிறீங்க?”

டாக்டர் வெளியே போனதும் கிதர் மெல்லக் கேட்டார். “சம்பந்தி, வேண்டாம்னா இப்பவே சொல்லிருங்க. நெஞ்சுவலிக்காரன் வீட்டுப் பொண்ணு.”

மீரான் கண்ணைத் திறக்கவில்லை. “எம் மகன் மட்டும் பயில்வான் மகனா? கம்முனு படுங்க. பேசுனா டாக்டர் ரெண்டு பேரையும் வைவாரு.”