தோளுக்குத் தோள்

என் மகள் தர்ஷிகாவுக்குக் காது கேட்காது. ஆனால் எட்டு வயதுப் பிள்ளைக்கு உரிய வாய் முழுவதும் அவளுக்குக் கைகளில் இருக்கிறது. "இனி நீ என்கூட வரவேண்டாம், நான் நுஸ்காவோடு ஸ்கூலுக்குப் போகிறேன்" என்று கையாலேயே அறிவித்துவிட்டாள். நுஸ்கா சந்திக் கடை ஜவ்பர் நானாவின் மகள். இவளைவிட இரண்டு வகுப்பு மேலே.

கஹவத்தை றோட்டில் நடைபாதை கிடையாது. டிப்பர் லொறிகள் ஹோர்ன் அடித்தபடி வளைவில் பாய்ந்து வரும். ஹோர்ன் கேட்காத பிள்ளையை எப்படி விடுவது? முடியாது என்றேன். அவள் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டாள். "அவளுக்கும் ஒன் புடிவாதந்தான்" என்று என் வீட்டுக்காரர் சிரித்தார். வேறு வழியில்லாமல் தலையாட்டினேன்.

ஆட்டினேனே தவிர, மனசு கேட்கவில்லை. மறுநாள் தேயிலைக் கொழுந்துக் கூடையோடு அவள் பின்னாலேயே போனேன். வழியில் தோட்டத்துக் கங்காணி பிடித்துக்கொண்டார்.

"என்னா கிருஷ்ணகுமாரி, கொழுந்து பறிக்கிற மல இந்தப் பக்கமா இருக்கு? பிந்துனா அரப்பேருதான் போடுவேன்."

"போட்டுக்குங்க. அரநாள் சம்பளம் போனா போவுது, புள்ள தனியா போறா."

றோட்டில் ஐந்தாறு பிள்ளைகள் வரிசையாக வலது ஓரத்தில் போனார்கள். எதிரே வரும் வாகனம் கண்ணுக்குத் தெரிந்துவிடும். பின்னால் சத்தம் கேட்டதும், கடைசியில் வந்த நுஸ்கா முன்னால் போகிறவளின் தோளைத் தட்டினாள். அவள் அடுத்தவளைத் தட்டினாள். நடுவில் போன தர்ஷிகாவும் தட்டு வாங்கி, தன் முன்னால் போனவனுக்குக் கொடுத்தாள். எல்லோரும் ஓரமாக நின்றார்கள். பெரியவர்கள் யாரும் சொல்லிக்கொடுக்காத ஏற்பாடு. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. றோட்டின் மறு ஓரத்தில், அவர்களையே பார்த்துக்கொண்டு, வேறெதுவும் காதில் விழாமல் நடந்தேன்.

மறுபடியும் தட்டினார்கள். நின்ற தர்ஷிகா திரும்பி என்னைக் கண்டாள். இரண்டு கையையும் வீசினாள். பின்னால் வந்ததற்குத் திட்டுகிறாள் என்று அசடு வழியச் சிரித்தேன். அவள் முகம் வெளிறிப்போயிருந்தது. அப்போதுதான் என் முதுகுக்குப் பின்னால் ஹோர்ன் அலறியது. பள்ளத்துக்குள் பாய்ந்தேன். டிப்பர் என் கூடையை நசுக்கிக்கொண்டு போனது.

பிள்ளைகள் இரண்டு பக்கமும் பார்த்து றோட்டைக் கடந்து வந்தார்கள்.

"ஆன்டி, அடி பட்டிச்சா?" என்றாள் நுஸ்கா.

தர்ஷிகா பள்ளத்துக்குள் இறங்கினாள். என் கையை எடுத்துத் தன் நெஞ்சில் வைத்தாள். அது படபடவென்று அடித்தது. இந்த றோட்டில் அவளோடு நடக்கும்போதெல்லாம் எனக்கும் இப்படித்தான் அடிக்கும். என் செல்லத்தை அங்கேயே கட்டிக்கொண்டு அழுதேன்.

"நான் வேலைக்குப் போறேன். நீ இவங்களோட போ" என்று கையால் சொன்னேன்.

அவள் என் கண்ணைத் துடைத்துவிட்டாள். பிறகு விரலை நீட்டி, மிரட்டுவதுபோலக் காட்டினாள்: ஓரமாகப் போ, அம்மா.