என் மெஷின்ல வரல

தாமரைச்செல்வி முதல் நாள் காலையில் எங்கள் ஆபீஸ் சுவரில் ஒட்டவைத்த மஞ்சள் தாள்கள் எல்லாம் மதியச் சாப்பாட்டுக்குள் உதிர்ந்துவிட்டன. கடல் காற்று படுகிற ஊரில் சுவர்கள் எப்போதும் கொஞ்சம் வியர்த்துத்தான் இருக்கும். போதாததற்கு மேலே மின்விசிறி. யார் என்ன வேலை பார்க்கிறோம், மற்றவர்களிடமிருந்து நமக்கு என்ன வேண்டும் என்று ஆளுக்கொரு தாளில் எழுதச் சொல்லியிருந்தார். இளஞ்செழியன் தன் தாளில் ‘யாரிடமிருந்தும் எதுவும் வேண்டாம்’ என்று எழுதியிருந்தார். அதுதான் முதலில் விழுந்தது. இந்த அம்மா இப்போது என்ன செய்வார் என்று எல்லோரும் ஓரக்கண்ணால் பார்த்தோம். அவர் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். “செவுத்துக்கே நம்ம மேல நம்பிக்கை இல்லபோல” என்று சிரித்துக்கொண்டே, தாள்களை எடுத்துப்போய் ஜன்னல் கண்ணாடியில் ஒட்டினார். அங்கே நின்றன.

சென்னைத் தலைமை அலுவலகம் அவரை மூன்று மாதத்துக்கு அனுப்பியிருந்தது. அஜைல் கோச் என்று மின்னஞ்சலில் போட்டிருந்தார்கள். “கோச்சுன்னா விசில் ஊதுவாங்களா சார்?” என்று புதிதாகச் சேர்ந்த கவிநிலா கேட்டபோது, மேனேஜர் அருள்முருகனுக்குச் சிரிப்பு வரவில்லை. “டீமா சேர்ந்து சீக்கிரமா வேலை முடிக்கக் கத்துக்குடுக்க வர்றாங்க. முடிக்கலன்னா இந்தக் கிளைய மூடிட்டு எல்லாரையும் சென்னைக்கு வரச் சொல்லிடுவாங்க. அத மனசுல வச்சுக்குங்க” என்றார். என் வீட்டுக்காரருக்குச் சேதராப்பட்டில் கம்பெனி வேலை. மகள் லாஸ்பேட்டையில் படிக்கிறாள். என்னால் எங்கேயும் போக முடியாது.

நூறடி ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் இரண்டு மாடி எங்களுடையது. ஊரின் பெரிய தனியார் ஆஸ்பத்திரி ஒன்றுக்கு வார்டு மென்பொருள் செய்துகொண்டிருந்தோம். நர்ஸ் கையில் இருக்கும் டேப்லெட்டில் நோயாளியின் பெயரைத் தொட்டால், அவருக்கு அந்த வேளைக்கு என்ன மருந்து, எவ்வளவு என்று வரவேண்டும். கம்ப்யூட்டருக்கான நிரலை, எங்கள் பேச்சில் ‘கோடு’, எழுதுகிறவர்கள் மேல் மாடி. அதைச் சோதித்துக் குறை கண்டுபிடிக்கிற நாங்கள் கீழ் மாடி. நடுவில் ஒரு மாடிப்படிதான். ஆனால் நாங்கள் பேசிக்கொண்டதெல்லாம் கம்ப்யூட்டர் வழியாகத்தான். நான் ஒரு குறையைப் பதிவு செய்வேன். மேலே இளஞ்செழியன் அதைப் படித்துவிட்டு மூடுவார். ஒரு குறையை மட்டும் நான் திரும்பத் திரும்பப் பதிவு செய்துகொண்டிருந்தேன். எப்போதாவது ஒருமுறை, திரையில் நோயாளியின் பெயர் மாறிவிடுகிறது. கீழே மருந்துகள் மட்டும் பழைய ஆளுடையவை அப்படியே நிற்கின்றன. எப்படி வருகிறது என்று என்னால் சொல்ல முடியவில்லை. வரவைத்துக் காட்டவும் முடியவில்லை. ஒவ்வொரு தடவையும் ஒரே பதில்தான் வந்தது: என் மெஷின்ல வரல. அப்புறம் அது மூடப்பட்டிருக்கும்.

இளஞ்செழியன் கெட்டவர் இல்லை. எங்களில் அவரளவுக்கு வேலை தெரிந்தவர் யாரும் இல்லை என்பதுதான் அவருக்கு வந்த கஷ்டம். எல்லாவற்றையும் அவரே எழுதினார், எல்லாவற்றுக்கும் அவரையே கூப்பிட்டார்கள். கல்யாண வீட்டில் கூட லேப்டாப்போடு உட்கார்ந்திருப்பார். தெரியாது என்று ஒரு சொல்லை அவர் வாயால் நாங்கள் கேட்டதில்லை.

தாமரைச்செல்வி வகுப்பு எடுக்கவில்லை. தினமும் காலையில் பத்து நிமிஷம் எல்லோரும் நின்றபடி பேசவேண்டும் என்றார். எங்கே நிற்பது என்று மேல் மாடிக்கும் கீழ் மாடிக்கும் வழக்கு வந்தபோது, படி திரும்புகிற இடத்தைக் காட்டினார். இரண்டு மாடிக்கும் சொந்தமில்லாத இடம். முதல் இரண்டு வாரம் நாங்கள் எல்லோரும் அருள்முருகன் முகத்தைப் பார்த்தே ஒப்பித்தோம். நேற்று இதை முடித்தேன், இன்று அதை முடிப்பேன், பிரச்சினை ஒன்றுமில்லை. தாமரைச்செல்வி ஒன்றும் சொல்லமாட்டார். பேசி முடித்ததும் கொஞ்ச நேரம் சும்மா நிற்பார். அந்த மௌனம் எங்களுக்கு என்னவோ போலிருக்கும். யாராவது இன்னொரு வாக்கியம் பேசிவிடுவோம். பெரும்பாலும் அந்த இன்னொரு வாக்கியம்தான் உண்மையாக இருக்கும்.

ஒரு நாள் காகிதத்தில் விமானம் செய்கிற விளையாட்டு ஒன்றை வைத்தார். சின்னச் சின்னதாக முடித்தால் வேகம் கூடும் என்று காட்டுவதற்காம். விளையாட்டு சொதப்பிவிட்டது. இளஞ்செழியன் பாதியில் எழுந்து போய்விட்டார். மற்றவர்கள் மரியாதைக்கு மடித்துக்கொண்டிருந்தோம். மறுநாள் படியில் நின்று தாமரைச்செல்வியே முதலில் பேசினார். “நேத்து நான் பண்ணது வேலைக்கு ஆவல. உங்க நேரம்தான் போச்சு. இனிமே அது வாணாம். வேற என்ன பண்ணலாம்னு எனக்கு இன்னும் தெரியல, யோசிக்கிறேன்.” தலைமை அலுவலகம் அனுப்பிய ஒருவர், மேனேஜரை வைத்துக்கொண்டு, தலை குனியாமல் இப்படிச் சொல்லிவிட்டுக் கீழே போய் டீ வாங்கி வந்தார். அன்றைக்கு முழுக்க எனக்கு அதே நினைப்பாக இருந்தது. ஒரு ஆள் தோற்றதை இவ்வளவு லேசாகச் சொல்லமுடியுமா, சொன்ன பிறகும் அதே உயரத்தில் நிற்கமுடியுமா என்று.

அவருக்குக் கருவடிக்குப்பத்தில் அத்தை வீடு. அங்கே தங்கி ஸ்கூட்டியில் வருவார். அப்பா மில்லில் இருந்தவர் என்று டீக்கடையில் ஒருமுறை சொன்னார். “ராத்திரி ஷிப்டு முடிஞ்சாலும் பகல் ஷிப்டு ஆளு வந்து நிக்கிற வரைக்கும் எங்கப்பா தறிய வுட்டு நகரமாட்டாரு. எந்த இழை அறுந்துச்சு, எங்க சத்தம் வருதுன்னு வாயால சொல்லிட்டுத்தான் வருவாரு. நான் படிச்சதுக்குப் பெரிய பெரிய பேரு வச்சிருக்காங்க சரிதா. விஷயம் அவ்ளோதான்.”

இரண்டாம் மாதத்தில் எங்களை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். ஒரு வருஷமாக அந்த மென்பொருளைச் செய்கிறோம், ஒருவரும் அந்த வார்டைப் பார்த்ததில்லை. இளஞ்செழியன், கவிநிலா, நான் மூவரும் ஓரமாக நின்றோம். அபி என்ற இளம் நர்ஸ் சோதனைக்குக் கொடுத்திருந்த டேப்லெட்டோடு கட்டில் கட்டிலாகப் போய்க்கொண்டிருந்தார். எங்கள் மனதில் இருந்த நர்ஸ் ஒரு மேசையில் உட்கார்ந்து, நிதானமாகத் தொட்டுப் பார்க்கிறவர். அபி நடந்துகொண்டே தொட்டார். ஒரு கையில் ட்ரே, இன்னொரு கையில் டேப்லெட், கட்டை விரலால் அடுத்த பெயர். லிஃப்ட்டைத் தாண்டும்போது திரையில் வட்டம் சுற்றியது. “இந்த எடத்துல வைஃபை எடுக்காது. ரெண்டடி தள்ளிப் போனா வந்துடும்” என்று எங்களைப் பார்க்காமலே சொல்லிவிட்டுப் போனார்.

பெயர் மாறி மருந்து மாறாமல் நிற்பது இந்த இடத்தில்தானோ என்று எனக்குப் பட்டது. திரும்பி இளஞ்செழியனைப் பார்த்தேன். அவரும் லிஃப்ட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை தாமரைச்செல்வி எங்கள் இருவரையும் ஒரே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தார். “ஒருத்தர் அடிக்கட்டும், ஒருத்தர் பாக்கட்டும். நான் வரமாட்டேன்” என்று போய்விட்டார். அப்புறம் நான்தான், “லைன் கட்டாவும்போது பேரத் தொட்டா என்னா ஆவுதுன்னு பாப்பமா?” என்றேன். கவிநிலாவிடம் டேப்லெட்டைக் கொடுத்து மாடிப்படியில் ஏறி இறங்கச் சொன்னோம். மொட்டை மாடிக் கதவருகே வைஃபை போகும். அவள் பெயரைத் தொட்டபடியே ஓடினாள். மூச்சு வாங்க வந்து, “ஒன்னும் ஆவலக்கா” என்றாள். மறுபடி ஓடினாள். பாவாடை தடுக்கி விழப்பார்த்தாள். எத்தனையாவது தடவையோ, மேலேயிருந்து கத்தினாள். “அக்கா! வந்துட்டுது! வந்துட்டுது!”

இறங்கி வந்து திரையை நீட்டினாள். மேலே செல்வாம்பாள் என்று பெயர். கீழே கன்னியம்மாளின் இன்சுலின். சோதனைக்காக நாங்களே வைத்த பெயர்கள்தான் இரண்டும். ஆனாலும் கட்டிலில் ஒரு பெண் படுத்திருப்பது போலவும் யாரோ ஊசியோடு வருவது போலவும் எனக்குத் தோன்றியது. ‘நான்தான் சொன்னேனே’ என்று சொல்ல நினைத்திருந்தேன். இளஞ்செழியன் முகத்தைப் பார்த்ததும் டேப்லெட்டை வாங்கி அவர் கையில் மட்டும் கொடுத்தேன்.

அடுத்த நாள் காலை படியில் அவர் முறை வந்தது. “சரிதா சொன்னது சரி. அது என் கோடு” என்றார். தாமரைச்செல்வி வழக்கம்போலச் சும்மா நின்றார். இளஞ்செழியன் கைப்பிடிச் சுவரை நகத்தால் சுரண்டினார். “எங்க தப்புன்னு தெரியுது. எப்படி சரி பண்றதுன்னு தெரியல. ஒரு எடத்துல தொட்டா நாலு எடத்துல ஒடயும். தனியா என்னால முடியாது. யாராச்சும் கூட ஒக்காருங்க.”

கவிநிலா ஒரு படி மேலே ஏறி அவர் பக்கத்தில் நின்றாள். நானும் ஏறினேன். தாமரைச்செல்வியின் கண் கலங்கியிருந்ததா என்று எனக்கு நிச்சயமில்லை. அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று மாலை அருள்முருகன் எங்களை அறைக்குக் கூப்பிட்டார். திங்கள்கிழமை மென்பொருளை எல்லா வார்டுகளுக்கும் கொடுத்தாகவேண்டும். “எப்பவோ ஒரு தடவ வர்றது. மொதல்ல குடுத்துடுவோம், பின்னாடி சத்தமில்லாம சரி பண்ணிக்கலாம். நர்ஸுங்க ஒரு தடவ பாத்துட்டுத்தானே மருந்து குடுப்பாங்க?” அவரைத் திட்ட எனக்கு மனமில்லை. கிளையை மூடினால் முதலில் போவது அவர் வேலை. அப்புறம் தாமரைச்செல்வி பக்கம் திரும்பி, “நீங்க சொல்லுங்க மேடம். வேகமா முடிக்க வைக்கத்தானே உங்கள அனுப்பிச்சாங்க?” என்றார்.

“என் அபிப்ராயம் குடுக்கக்கூடாதுங்கிறதுதான் சார். அத இன்னிக்கே சென்னைக்கும் எழுதிடுவேன்” என்றார் அவர். “ஆனா ஆஸ்பத்திரியில போய் யாரு, என்னா சொல்றதுன்னு இவங்கதான் முடிவு பண்ணணும். நான் போயிடுவேன். நாளைக்கு இதேமாதிரி இன்னொன்னு வரும். அப்பவும் இவங்க இருப்பாங்க.”

எழுதினார். மூன்று மாதம் முடியும் முன்பே, அந்த வாரக் கடைசியோடு அவர் திரும்பிவிட வேண்டும் என்று சென்னையிலிருந்து பதில் வந்தது. அதை அவர் எங்களிடம் சொன்னபோது, அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்கிற குரல்தான். கவிநிலா அழுதாள். “அடச்சீ, நான் என்ன செத்தா போறேன்?” என்று அவள் தலையில் தட்டினார்.

நேரில் போய்ச் சொல்வது என்று நாங்கள் முடிவு செய்து சனிக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனோம், அருள்முருகனும் தடுக்காமல் கூட வந்தார். தாமரைச்செல்வி வாசல் வரைக்கும் வந்தார், உள்ளே வரவில்லை. நர்ஸுகளுக்குத் தலைமையான நிர்மலாதேவி மேடத்தின் அறை சின்னது. அருள்முருகன், “சின்னதா ஒரு டிலே மேடம்…” என்று ஆரம்பித்தார். மகளின் பள்ளி, சேதராப்பட்டு, சென்னையில் ஒரு வாடகை வீடு எல்லாம் கண் முன்னே வந்து போயின. இருந்தும், “டிலே இல்ல மேடம், தப்பு” என்று சொல்லிவிட்டேன். டேப்லெட்டை மேசையில் வைத்து, என்ன ஆகிறது என்று காட்டினேன். நான் காட்டி முடித்ததும் இளஞ்செழியன் தொடர்ந்தார். “நான் எழுதுனது மேடம். இவங்க பலதடவ சொன்னாங்க, நான்தான் கேக்கல.” அருள்முருகன் தரையைப் பார்த்தபடி, “திங்கக்கெழம குடுக்க முடியாது மேடம்” என்றார்.

நிர்மலாதேவி கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“பேரு மாறி மருந்து போயிருந்தா உங்க கம்பெனி பேரு வெளிய வராது. ஊசி போட்ட பொண்ணு பேருதான் வரும். அது தெரியுமா உங்களுக்கு?” என்றார்.

தெரியாது. அதை நாங்கள் யோசித்ததே இல்லை.

“கான்ட்ராக்ட்ட பத்தி மேல என்னா சொல்லுவாங்கன்னு எனக்குத் தெரியாது. நான் பேசிப் பாக்கறேன். ஆனா இனிமே அங்க ஒக்காந்து பண்ணாதீங்க. இங்க வந்து பண்ணுங்க.”

வெளியே வந்து தாமரைச்செல்வியிடம் சொல்ல ஓடினோம். வாசல் வேப்பமரத்தடியில் நிறுத்தியிருந்த அவர் ஸ்கூட்டி இல்லை. கவிநிலா போன் செய்தாள். “என்னா சொன்னாங்கன்னு எனக்கு இப்ப சொல்லாதீங்க” என்றாராம் தாமரைச்செல்வி. “மொதல்ல நீங்க ஒன்னா ஒக்காந்து அடுத்து என்னா பண்றதுன்னு பேசுங்க. அப்பறமா எனக்குச் சொல்லலாம்.” எனக்குக் கோபம் வந்தது. பேருந்து நிலையத்துக்குப் போய் வழியனுப்பவாவது விட்டிருக்கலாம். பிறகுதான், நாங்கள் நாலு பேரும் யாரும் சொல்லாமலே மரத்தடியில் வட்டமாக நின்று பேச ஆரம்பித்துவிட்டோம் என்பது உறைத்தது.

திங்கட்கிழமை காலை மூன்றாவது மாடி வார்டுக்குப் போனோம். கிளை இருக்குமா இருக்காதா என்று சென்னை இன்னும் சொல்லவில்லை. கட்டில்களுக்கு நடுவே எங்கே நிற்பது என்று தெரியாமல், லேப்டாப் பைகளை நெஞ்சோடு அணைத்தபடி, போகிறவர் வருகிறவர்களுக்கெல்லாம் வழிவிட்டுக்கொண்டிருந்தோம். அபி ஒரு பெரியவருக்கு ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்தார். காதில் ஸ்டெதாஸ்கோப், கண் முள்ளின் மேல். எங்கள் பக்கம் திரும்பவில்லை. ஒரு காலை மட்டும் நீட்டி, கட்டிலுக்கு அடியில் கிடந்த ஸ்டூலை எங்களை நோக்கித் தள்ளிவிட்டார். அது தரையில் கிறீச்சிட்டுக்கொண்டே வந்து, இளஞ்செழியன் முழங்காலில் இடித்து நின்றது.