இல்லாட்டி அண்ணி

என் அண்ணி கிருஷாந்திக்கு எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்துப் பிள்ளைகள் வைத்த பெயர் 'இல்லாட்டி அண்ணி'. யாராவது "எப்படியும்" என்று வாயைத் திறந்தால் போதும், "இல்லாட்டி?" என்று கேட்டுவிடுவார். நல்ல காரியம் பேசும்போது இப்படி அபசகுனமாகக் குறுக்கே விழுகிற மனுஷியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

குடும்பத்துக்கு ஒரு காம்பராவாக வரிசையாய் நாங்கள் குடியிருந்த லயத்துக்குப் புதுக் கூரை போட முடிவானதும் பொறுப்பை அண்ணியிடம்தான் கொடுத்தார்கள். பழைய தகரம் பெரும்பாலும் ஓட்டை. மழை பெய்தால் என் மனைவி சர்மிளா, பிறந்து ஒரு மாதம்கூட ஆகாத மகளைத் தூக்கிக்கொண்டு மூலை மூலையாக மாறுவாள். பிள்ளைக்கு நெஞ்சுச் சளி வேறு. இனி ஒரு தடவை நனைந்தால் தாங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். எனக்குக் கூரை சீக்கிரம் ஏறினால் போதும்.

கூட்டத்தில் தச்சுவேலை சின்னராசா பாஸ், முழுக் கூரையையும் காலையிலேயே கழற்றிவிடலாம், மழை எப்படியும் மத்தியானத்துக்குப் பிறகுதான் என்றார். அண்ணி வழக்கம்போலக் கேட்டார். கடைசியில், இரண்டிரண்டு காம்பராவாகக் கழற்றுவது, திறந்த இடத்தை மூடத் தார்ப்பாய்ப் படங்கு தயாராக வைப்பது என்று முடிவாயிற்று. வேலை இழுக்கும் என்று நான் கத்தினேன். யார் கேட்டது?

என் எரிச்சல் அதோடு நிற்கவில்லை. ஹட்டனுக்குப் போய்த் தகரம் பார்க்க, லொறிக்காரரிடம் சிங்களத்தில் பேச, படங்கு இரவல் கேட்க, எல்லாவற்றுக்கும் அண்ணி என்னையே இழுத்துக்கொண்டு அலைந்தார். அண்ணன் வீட்டில் காலை நீட்டிப் படுத்திருப்பான். என்னை ஏன் இந்தப் பாடு படுத்துகிறீர்கள் என்றால் சிரிப்புதான் பதில்.

வேலைக்குக் குறித்த ஞாயிற்றுக்கிழமை விடியும்போது, அண்ணியின் அம்மா மயங்கி விழுந்துவிட்டதாக ராகலையிலிருந்து போன் வந்தது. அண்ணனும் அண்ணியும் முதல் பஸ்ஸுக்கே ஓடினார்கள். போகும்போது அண்ணி என்னிடம், "தம்பி, வேலைய நிப்பாட்டிறாதீங்க" என்று மட்டும் சொன்னார்.

லயமே கையைப் பிசைந்துகொண்டு நின்றது. அண்ணி எப்படியும் இருப்பார் என்றுதான் எல்லோரும் இருந்தோம். வானமோ பளிச்சென்றிருந்தது. பாஸ் பழைய யோசனைக்கே போய்விட்டார்.

"ஒரேயடியா கழட்டிருவோம். இன்னைக்கு எப்படியும் மழை வராது."

"இல்லாட்டி?"

கேட்டது என் வாய்தான். சர்மிளாகூடத் திரும்பிப் பார்த்தாள்.

அதற்குப் பிறகு எல்லோரும் என்னிடமே கேட்டார்கள். எந்தத் தகரம் எந்தக் காம்பராவுக்கு, படங்கை யார் யார் பிடிப்பது, எதுவும் எனக்குத் தெரியாததாக இல்லை. மகளைக் கடைசிக் காம்பரா வீரம்மாக்கா வீட்டில் தூங்கவைத்தோம். ஒழுகாத அதன் கூரையில் அன்று கடைசியாகத்தான் கை வைப்பதாக இருந்தது.

மத்தியானத்துக்கு முன்னமே மலையிலிருந்து மூட்டம் இறங்கி மழை கொட்டியது. திறந்திருந்தவை இரண்டே காம்பரா, அதில் ஒன்று எங்களுடையது. ஓடிப்போய்ப் படங்கை இழுத்துக் கட்டினோம். வீரம்மாக்கா வீட்டில் மகள் சொட்டு ஈரம் படாமல் தூங்கினாள். மழை விட்டதும் தொடர்ந்து, இருட்டுவதற்குள் கடைசி ஆணியும் அடித்தாயிற்று.

பிறகு அண்ணி போன் எடுத்தார். அம்மாவுக்குப் பயப்பட ஒன்றுமில்லை, பிரஷர்தானாம். நடந்ததைச் சொல்லிவிட்டு, மனதில் கிடந்ததைக் கேட்டுவிட்டேன்.

"எல்லாத்துக்கும் இல்லாட்டி கேட்டீங்களே அண்ணி, நீங்க இல்லாட்டி என்னான்னு யோசிக்கலையா?"

"அதத்தான் தம்பி மொதல்ல யோசிச்சேன். பின்ன எதுக்கு உங்கள ஊரெல்லாம் இழுத்துக்கிட்டு அலைஞ்சேன்?"

அன்று ராத்திரியும் மழை பிடித்தது. புதுத் தகரத்தில் சத்தம் காதைப் பிளந்தது. மூலைக்கு மாற யாரும் எழும்பவில்லை.