அந்தோனியாரை மறித்த சீலை

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். தெஹியோவிட்டவுக்கு மேலே இருக்கிற அந்த றப்பர் தோட்டத்து அந்தோனியார் கோயிலைப் பொறுத்தவரை பூசாரியைக் குறை சொல்ல முடியாது. ஃபாதர் மாதம் ஒரு தடவை டவுனிலிருந்து பூசைக்கு வந்துபோகிற சிங்கள இளைஞர், நல்ல மனுசன். வரத்தைப் பிடித்து வைத்துக்கொள்வது கோயில் கமிட்டிதான். கமிட்டி என்றால் தலைவர் சுரேந்திரன், தோட்டத்து ஆபீசில் கிளாக்கர்.

விஜயகலா றப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவள். அவள் மகள் ரொஷெலுக்குப் பிறந்ததிலிருந்தே கால் நடக்காது. பேச்சும் இழுத்து இழுத்துத்தான் வரும். ஆனால் செபமெல்லாம் மனப்பாடம். சின்ன வயதில் அவளை இடுப்பில் வைத்துக்கொண்டுதான் விஜயகலா கோயில் படியேறுவாள், பிள்ளைக்கு முன்வரிசையில் ஜன்னலோரம் ஓர் இடம்கூட இருந்தது. பிள்ளை வளர வளரத் தாயின் இடுப்பு தோற்றுப்போனது. கோயிலோ குன்றின் உச்சியில். கட்டின வெள்ளைக்காரன், சாமி உயரத்தில் இருக்கவேண்டும் என்று யோசித்த அளவுக்கு, சனங்கள் எப்படி ஏறுவார்கள் என்று யோசிக்கவில்லை.

இந்த வருசத் திருவிழாவில் பிள்ளைகளுக்குப் புது நன்மை, அதாவது பூசையில் முதல்முதலாகத் திவ்விய அப்பம் வாங்குகிற சடங்கு. ரொஷெல் வயதுப் பிள்ளைகள் அதை எப்போதோ வாங்கிவிட்டார்கள். இந்தத் தடவையாவது என்று விஜயகலா கேட்கப்போனாள்.

"இங்க பாரு கலா, அந்த வீல் செயாரை யாரு மேல தூக்குறது?" என்றார் சுரேந்திரன். "பூசை நேரத்துல புள்ள சத்தம் போட்டா வெளியாளுங்க என்ன நெனைப்பாங்க? ஃபாதரை லயத்துக்கே அனுப்புறேன். வீட்டுலயே வாங்கட்டும்."

"வீட்டுல நன்மை குடுக்கிறது சீக்காளிக்குங்க. எம்புள்ளைக்குச் சீக்கு ஒண்ணும் இல்ல. நடக்க முடியாது, அவ்வளவுதான்."

"பொறகு பார்ப்போம்" என்று அவர் பேனாவைத் திறந்தார். பொறகு பார்ப்போம் என்றால் பார்க்கமாட்டோம் என்று அர்த்தம். தோட்டத்தில் பிறந்த யாருக்கும் இது தெரியும்.

அவள் புருசன் கிருஷ்ணகுமார், திருவிழாவில் சுரூபம், அதாவது அந்தோனியார் சிலை, தூக்குகிற நாலு பேரில் ஒருவன். "விடு கலா, நாளைக்கும் அவரு மொகத்துலதான் முழிக்கணும்" என்றான்.

விஜயகலாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அந்தக் கனத்த சுரூபத்தை வருசா வருசம் அதே படியிலதானே தூக்கிட்டுப் போறீங்க? பெத்த புள்ளைக்குக் குடுக்கத் தோள் இல்லையோ?"

அவன் தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு வெளியே போனான்.

அந்தத் தோட்டத்தில் நேர்த்திச் சீலை என்று ஒரு வழக்கம் உண்டு. திருவிழா அன்று சுரூபம் லயத்து வீட்டு வரிசைகளைச் சுற்றி வரும்போது, வேண்டுதல் உள்ளவர்கள் வழியில் குறுக்காக ஒரு வெள்ளைச் சீலையை விரிக்கலாம். விரித்தவரே அதைச் சுருட்டும்வரை சுரூபம் தாண்டக் கூடாது. தாண்டினால் தோட்டத்துக்கே ஆகாது. அந்தோனியார் தொலைந்ததைக் கண்டுபிடித்துத் தருகிறவர் அல்லவா, அதனால் வேண்டுதலும் அந்த ரகமாகத்தான் இருக்கும். போன வருசம் ஓர் ஆட்டுக்காக நின்றார். அதற்கு முந்தி சுரேந்திரனுடைய மோட்டார் சைக்கிளுக்காக நின்றார். சைக்கிளைக் கொண்டுபோனவன் அவருடைய மச்சான்தான் என்பது வேறு கதை.

திருவிழா அன்று பின்னேரம் வானம் கறுத்துக் கிடந்தது. சுரூபம் ஊர்வலம் முடித்துக் கோயில் படியடிக்குத் திரும்பியபோது, அங்கே விஜயகலா நின்றாள். பக்கத்தில் வீல் செயாரில் ரொஷெல். யார் வேண்டாமென்றாலும் புது நன்மைக்கென்று தைத்த வெள்ளைச் சட்டை அவள் உடம்பில் இருந்தது. மகள் மடியில் இருந்த சீலையை விஜயகலா எடுத்து முதல் படிக்கு முன்னால் விரித்தாள். ஒரு தலைப்பின்மேல் வீல் செயாரை ஏற்றி நிறுத்தினாள்.

சுரூபம் நின்றது.

"கெதியாச் சொல்லிட்டுச் சுருட்டு, மழை வருது" என்றார் சுரேந்திரன்.

விஜயகலா கெதியாகச் சொல்லவில்லை. கடைசியில் நிற்கிறவர்களுக்கும் கேட்கும்படி சொன்னாள். "அந்தோனியாரே! ஆடு காணோம்னாலும் நிக்கிறீங்க, சைக்கிள் காணோம்னாலும் நிக்கிறீங்க. கோயில்ல எம்புள்ள இருந்த எடத்தைக் காணோம். அதைக் கண்டுபிடிச்சுக் குடுக்கிறவரைக்கும் நீங்களும் மேல போகக் கூடாது. நாங்க நிக்கிற எடத்துலயே நில்லுங்க."

ஃபாதர் முன்னால் வந்தார். "அம்மா, பூசை முடிஞ்சதும் நான் இங்க இறங்கி வந்து நன்மை தரட்டா?"

விஜயகலா மகளைப் பார்த்தாள். ரொஷெலின் கழுத்து நரம்பு புடைத்தது. "மே...ல" என்றாள். அதற்குப் பொருள் சொல்ல யாரும் தேவைப்படவில்லை.

மழை இறங்கியது. "சாயம் கரையப் போவுது! தாண்டுங்கடா!" என்று சுரேந்திரன் கத்தினார்.

முன்பக்கத் தடியில் தோள் கொடுத்திருந்த கிருஷ்ணகுமார், "நான் தாண்டமாட்டேங்க" என்றான். ஆபீஸ் கிளாக்கரிடம் அவன் மாட்டேன் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. "எறக்குங்க" என்றான் மற்றவர்களிடம். ஓரமாக இருந்த மேசையில் அந்தோனியாரை இறக்கினார்கள். அவன் நேராக மகளிடம் வந்து குனிந்தான். "போவோமாம்மா?"

அவள் சிரித்தாள். மற்ற மூன்று பேரும் ஓடிவந்தார்கள். "கையைப் புடிச்சு இழுக்காதீங்க, சட்டத்தைப் புடிங்க" என்றாள் விஜயகலா. வீல் செயார் எழும்பியது. தலைப்பு விடுபட்டதும் அவள் சீலையைச் சுருட்டிக்கொண்டு பின்னால் ஏறினாள். சந்தோசமா ஆத்திரமா என்று தெரியாமல் அழுகை வந்தது, அழுதுகொண்டே ஏறினாள். கீழே சுரேந்திரன் அந்தோனியாருக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றார். பிள்ளையை மேலே சேர்த்துவிட்டு நாலு பேரும் திரும்பிவந்த பிறகுதான் அந்தோனியாரும் மேலே போனார்.

நன்மை நேரத்தில் ரொஷெலின் ஆமென் வந்துசேரக் கொஞ்ச நேரம் எடுத்தது. ஃபாதர் கையில் நன்மையோடு காத்திருந்தார். கோயிலும் காத்திருந்தது. வந்த ஆமென் கூரைவரைக்கும் கேட்டது.

பூசை முடிந்ததும் சுரேந்திரன் வாசலில் வந்து நின்றார். "சரி கலா, நேர்த்திதான் முடிஞ்சிருச்சே. சீலையைக் காய வச்சு மடிச்சு வை."

"காய வைக்கிறேங்க. அடுத்த பூசைக்கும் வேணுமே."

"சாதாரண பூசைக்குச் சுரூபம் எறங்காதே."

"நீங்க அந்தப் படியில ஏறுவீங்கல்ல" என்றாள் விஜயகலா.